வாசகர் கேள்வி பதில்: ஜெர்மன் மொழியும் அதன் அண்டை வீட்டாரும்

ஜெர்மன் மொழி குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பல ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருந்ததால், இந்த முறை அவற்றுக்கு மட்டுமே பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்கிறார்கள். ஆனால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்குக்கூட ஒரு ஜெர்மன் வாக்கியம் புரிவதில்லையே?

பதில்: இரண்டும் மேற்கு ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தவைதாம். டச்சு, ஃபிரிசியன், யித்திஷ், ஆஃப்ரிகான்ஸ் ஆகியவையும் அதே கிளைதான். இவை விலகிப் போனதற்கு இரு பக்கமும் காரணம் உண்டு. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து ஆங்கிலத்துக்குள் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாகப் புகுந்தன. அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே, ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டு முதல் 8ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில், ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய தென்பகுதிப் பேச்சுகளில் வல்லின மெய்கள் ஒழுங்கான முறையில் மாறத் தொடங்கின. 'ட்' ஒலி சொல்லின் முதலில் 'ட்ஸ்' ஆனது, நடுவில் 'ஸ்' ஆனது. 'ப்' ஒலி 'ப்ஃப்' அல்லது 'ஃப்' ஆனது. 'க்' ஒலி தொண்டையில் உரசும் 'ஹ்' ஆனது. ஆங்கிலத்தில் 'வாட்டர்' என்பது ஜெர்மனில் 'வாஸர்'. 'டென்' என்பது 'ட்சேன்'. 'ஆப்பிள்' என்பது 'அப்ஃபெல்'. 'ஷிப்' என்பது 'ஷிஃப்'. 'புக்' என்பது 'பூஹ்'. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பவருக்கு, அகராதியைத் திறக்காமலே ஊகிக்கக்கூடிய சொற்கள் நிறையக் கிடைக்கும்.

இந்த மாற்றத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. பிற மொழிகளிலிருந்து வந்த சொற்கள் எந்தக் காலத்தில் ஜெர்மனுக்குள் நுழைந்தன என்பதை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. ரைன், டான்யூப் ஆறுகளின் கரையில் ரோமானியர் எல்லைக்காவல் அமைத்து, கொலோன், மைன்ஸ், டிரியர் போன்ற நகரங்களை எழுப்பியபோது, மரத்தால் வீடு கட்டி வாழ்ந்த ஜெர்மானியர் கல்லையும் செங்கல்லையும் கொண்டு கட்டும் கலையை அவர்களிடம் கற்றுக்கொண்டார்கள். கலையோடு சொல்லும் வந்தது. லத்தீனின் 'தெகுலா' ஜெர்மனில் செங்கல்லையும் ஓட்டையும் குறிக்கும் 'ட்சீகெல்' ஆயிற்று. 'ஸ்த்ராத்தா' சாலையைக் குறிக்கும் 'ஷ்ட்ராஸெ' ஆயிற்று. இவற்றிலுள்ள 'த்' ஒலி, ஜெர்மனின் சொந்தச் சொற்களைப் போலவே மாறியிருக்கிறது. எனவே ஒலி மாற்றம் தொடங்குவதற்கு முன்பே இவை வந்துவிட்டன. 'பாப்பியர்' என்ற காகிதச் சொல்லிலோ 'ப' அப்படியே நிற்கிறது. அது காலத்தால் பிந்தி வந்த விருந்தாளி. சில வேளைகளில் ஒரே லத்தீன் சொல் இரண்டு முறை வந்திருக்கிறது. மாளிகை என்னும் பொருளுடைய 'பலாத்தியும்' முதலில் வந்து 'ப்ஃபால்ட்ஸ்' என்று உருமாறி, அரசர்கள் வந்து தங்கும் அரண்மனைக்குப் பெயரானது. ரைன்லாந்து-ப்ஃபால்ட்ஸ் என்ற இன்றைய மாநிலப் பெயரில் அது வாழ்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்து அதே சொல் பிரெஞ்சு வழியாகத் திரும்ப வந்தபோது, மாற்றத்தின் காலம் முடிந்துவிட்டிருந்ததால் 'பலாஸ்ட்' என்றே நின்றுவிட்டது.

கேள்வி: ஒரே மொழியை அண்டை நாட்டவர் ஏன் தொடர்பே இல்லாத பெயர்களால் அழைக்கிறார்கள்?

பதில்: யார் யாரை முதலில் எதிர்கொண்டார்களோ அவர்களின் பெயர் முழு இனத்துக்கும் ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் தமக்கு அருகிலிருந்த அலெமன்னி என்ற குழுவை வைத்து 'அலமான்' என்றார்கள். பின்லாந்தினரும் எஸ்தோனியர்களும் சாக்சன்களை வைத்து 'சாக்ஸா' என்றார்கள். ஸ்லாவிய மொழிகளில் வழங்கும் 'நியெமெத்ஸ்' வகைப் பெயர்கள், ஊமை என்னும் பொருள் தரும் வேரோடு தொடர்புடையவை; தம் மொழி பேசத் தெரியாதவர் என்பது கருத்து. ஜெர்மானியர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட 'டாய்ட்ச்' என்ற பெயருக்கு 'மக்களுடையது' என்று பொருள். குருமார்களின் லத்தீனுக்கு எதிராகப் பொதுமக்களின் பேச்சைக் குறிக்கவே அது முதலில் பயன்பட்டது. இத்தாலியர்கள் நாட்டை 'ஜெர்மானியா' என்றும் மொழியை, 'டாய்ட்ச்' பிறந்த அதே வேரிலிருந்து, 'தெதெஸ்கோ' என்றும் சொல்கிறார்கள்.

கேள்வி: டச்சு தனிமொழியா, அல்லது ஜெர்மனின் ஒரு வட்டார வழக்கா?

பதில்: இன்று அது தனிமொழி என்பதில் ஐயமே இல்லை. ஆனால் அது தனிமொழி ஆனதற்குக் காரணம் ஒலியிலோ இலக்கணத்திலோ மட்டும் இல்லை.

ஆல்ப்ஸ் அடிவாரத்திலிருந்து வடகடல் வரை ஊர் ஊராகப் போனால், பழைய காலத்தில் எந்த இடத்திலும் ஒரு மொழி முடிந்து மற்றொன்று தொடங்கியதாகச் சொல்ல முடியாது. ஒவ்வோர் ஊர்க்காரரும் அடுத்த ஊர்க்காரரைப் புரிந்துகொண்டார்கள், இரு கோடியில் இருந்தவர்கள்தாம் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளவில்லை. முன்பு சொன்ன ஒலி மாற்றம் தெற்கிலிருந்து வடக்கே போகப் போக வலுவிழந்தது. இப்போது டுசெல்டார்ஃப் நகரின் ஒரு பகுதியாக உள்ள பென்ராத் என்ற ஊரில் ரைன் ஆற்றைக் கடந்து கிழக்கு மேற்காக ஓடும் ஒரு கோட்டை மொழியியலாளர்கள் வரைந்து காட்டுகிறார்கள். அதற்குத் தெற்கே 'செய்' என்னும் வினை 'மாஹென்'. வடக்கே அது 'மாகென்'. வட ஜெர்மனியின் கீழ் ஜெர்மன் எனப்படும் பேச்சும் டச்சும் இந்தக் கோட்டுக்கு வடக்கே, மாறாத ஒலிகளோடு, ஒரே பக்கத்தில் நிற்கின்றன. ஹாம்பர்க் பக்கத்து முதிய மீனவரின் பேச்சு, ஒலியளவில், மியூனிக் பேச்சைக் காட்டிலும் டச்சுக்கே நெருக்கமானது.

பிறகு ஏன் ஒன்று மொழியாகவும் மற்றொன்று வட்டார வழக்காகவும் கருதப்படுகின்றன? நெதர்லாந்து ஸ்பெயினோடு நெடும்போர் நடத்தி, 1648இல் கையெழுத்தான வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கைகளின் வழியாகத் தனி நாடாக ஏற்கப்பட்டது. அதற்குள் 1637இலேயே அந்நாட்டின் ஆட்சி மன்றம் தன் செலவில் டச்சு மொழி விவிலியத்தை வெளியிட்டுவிட்டது. கீழ் ஜெர்மனுக்கு இப்படி ஓர் அரசு வாய்க்கவில்லை. ஒரு காலத்தில் பால்டிக் கடல் வணிகம் முழுவதையும் நடத்திய அந்த மொழியை, 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வடபுல நகரங்களின் அலுவலகங்களே கைவிட்டு, தென்பகுதி வழியில் வந்த எழுத்து ஜெர்மனுக்கு மாறிக்கொண்டன. இப்போது அது வட்டார மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு லக்சம்பர்க். ஜெர்மனின் ஒரு வட்டார வழக்காகவே நெடுநாள் எண்ணப்பட்ட லக்சம்பர்க் பேச்சை, 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அந்நாடு தேசிய மொழி என்று அறிவித்தது.

கேள்வி: இன்றைய ஜெர்மனை, சமயச் சீர்திருத்தக்காரரான மார்ட்டின் லூதரின் விவிலியமே உருவாக்கியது என்று சொல்லப்படுவது உண்மையா?

பதில்: பாதி உண்மை. லூதருக்கு முன்பே ஜெர்மனில் அச்சிட்ட விவிலியங்கள் 18 இருந்தன. அவற்றில் முதலாவது 1466இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் வெளிவந்தது. ஆனால் அவை லத்தீனைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியவை; படிப்பவருக்கு அந்த நடை ஒட்டவில்லை. வார்ட்பர்க் கோட்டையில் மறைந்து வாழ்ந்த லூதர், கிரேக்க மூலத்தை வைத்துப் புதிய ஏற்பாட்டைச் சில வாரங்களிலேயே மொழிபெயர்த்தார். அது 1522 செப்டம்பரில் வெளிவந்தது. டிசம்பரிலேயே மறுபதிப்புத் தேவைப்பட்டது. முழு விவிலியம் 1534இல் வந்தது.

அவர் தம் முறையைத் தாமே 1530இல் ஒரு மடலில் விளக்கியிருக்கிறார். லத்தீனில் 'இதயத்தின் மிகுதியிலிருந்து வாய் பேசுகிறது' என்று ஒரு வாசகம் உண்டு. எந்த ஜெர்மானியன் இப்படிப் பேசுகிறான் என்று கேட்கும் லூதர், வீட்டிலிருக்கும் தாயும் தெருவில் விளையாடும் பிள்ளைகளும் சந்தையில் நிற்கும் சாமானியனும் எப்படிப் பேசுகிறார்கள் என்று அவர்கள் வாயையே பார்க்க வேண்டும் என்கிறார். பார்த்த பிறகு அவர் எழுதியது: 'நெஞ்சில் எது நிறைந்திருக்கிறதோ, அது வாயில் வழிகிறது.' இன்றும் ஜெர்மனில் இது பழமொழியாகவே வழங்குகிறது. விவிலிய வாசகம் என்று அறியாதவர்களும் இதைச் சொல்கிறார்கள். எழுத்து வடிவத்துக்கு அவர் பின்பற்றியதோ சாக்சனி அரசு அலுவலகத்தின் நடை. அது வடக்கும் தெற்கும் ஓரளவு புரிந்துகொள்ளக்கூடிய நடுநாட்டு நடை.

ஆனாலும் எல்லாருக்கும் அது உடனே புரிந்துவிடவில்லை. 1523இல் பாசல் நகரில் அதை மறுபடி அச்சிட்ட ஆடம் பெட்ரி என்ற அச்சகத்தார், தென்பகுதி வாசகர்களுக்காக லூதரின் சொற்களுக்குப் பொருள் கூறும் பட்டியல் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. கத்தோலிக்கத் தெற்கு, இந்த நடையைச் சீர்திருத்தக்காரர்களின் நடை என்று கருதி 18ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி வரை தயங்கிக்கொண்டிருந்தது. ஆகவே ஒருவர் ஒரே நாளில் மொழியை உருவாக்கிவிட்டார் என்பதைவிட, ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்த ஒரு பொது எழுத்து நடைக்கு அவர் மக்களின் குரலைக் கொடுத்தார், அச்சு எந்திரம் அதை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது என்பதே பொருந்தும். இசையமைப்பாளர் பாஹின் 'மத்தேயு பாடுகள்' இசையைக் கேட்பவர்கள், அதில் நிகழ்ச்சியைச் சொல்லிச் செல்லும் பாடகரின் வாயிலாகக் கேட்பது லூதரின் வாசகங்களையே.

கேள்வி: ஜெர்மன் அரசர்களே பிரெஞ்சில்தான் பேசினார்களாமே?

பதில்: ஆம். 1740 முதல் 1786 வரை பிரஷ்யாவை ஆண்ட இரண்டாம் ஃபிரெடெரிக் பிரெஞ்சில் எழுதினார். பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தம்மிடம் வைத்துக்கொண்டார். 1780இல் ஜெர்மன் இலக்கியத்தின் குறைகளைப் பற்றி ஃபிரெடெரிக் வெளியிட்ட நூலும் பிரெஞ்சில்தான் இருந்தது. லெசிங்கின் நாடகங்களும் கேத்தேயின் 'வெர்தர்' நாவலும் அதற்கு முன்பே வெளிவந்து ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டதை அவர் பொருட்படுத்தவில்லை என்பது வருந்தத்தக்கது. பிரெஞ்சுச் செல்வாக்குக்கு அரசவை மட்டும் காரணம் அன்று. 1685இல் பிரான்சிலிருந்து துரத்தப்பட்ட ஹியூகெனாட் சீர்திருத்தக் கிறித்தவர்கள் ஆயிரக்கணக்கில் பெர்லினிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியேறினார்கள். தாய்மொழித் தூய்மைக்காக 1617இல் வைமாரில் தொடங்கிய சங்கமும் ஃபிளாரன்ஸ் நகரின் இத்தாலிய மொழிக் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டே அமைந்தது.

கேள்வி: கிழக்கிலும் வடக்கிலும் உள்ள மொழிகளோடு ஜெர்மனுக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்ததா?

பதில்: நிறைய இருந்தது, மேற்கத்திய உறவைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பவர்கள் இதைப் போதுமான அளவு கவனிப்பதில்லை. எல்பே ஆற்றுக்குக் கிழக்கே உள்ள நிலம் 12ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலும் ஸ்லாவிய மொழிகள் பேசப்பட்ட நிலம். ஜெர்மனியின் தலைநகரான பெர்லினின் பெயரே ஸ்லாவிய மூலத்தது. '-இட்ஸ்', '-ஓ' என்று முடியும் நூற்றுக்கணக்கான ஊர்ப்பெயர்களும் அப்படியே. எல்லை என்பதற்கு ஜெர்மனில் வழங்கும் 'கிரென்ட்ஸெ' என்ற சொல், ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் ஸ்லாவிய 'கிரனித்சா'விலிருந்து பெறப்பட்டது. வெள்ளரிக்காயைக் குறிக்கும் 'குர்கெ'யும், பாலைத் திரித்து எடுக்கும் 'குவார்க்'கும் அந்த வழியாக வந்தவை. லுசாட்டியா பகுதியில் சோர்பியர் என்ற சிறிய ஸ்லாவிய இனம் இன்றும் தன் மொழியைப் பேசுகிறது. பௌட்சென் நகரின் தெருப்பலகைகளில் இரு மொழிகளும் இருக்கும்.

எதிர்த்திசையிலும் சொற்கள் சென்றன. மக்டபர்க் நகரத்தின் சட்டத்தை முன்மாதிரியாக வைத்துப் போலந்திலும் அதற்கு அப்பாலும் பல நகரங்கள் அமைந்தன; அதனால் போலிஷ் மொழியில் நகர மன்றக் கட்டடம் 'ரத்துஷ்', நகரத் தலைவர் 'புர்மிஸ்ட்ஷ்'. ஹங்கேரி மொழி ஜெர்மானியக் குடும்பத்துக்குத் தொடர்பே இல்லாதது. ஆயினும் குடிமகனைக் குறிக்கும் 'போல்கார்' என்ற அதன் சொல் ஜெர்மனின் 'பியூர்கர்' என்பதிலிருந்து வந்தது. வடக்கே, லியூபெக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஹான்ஸா வணிகக் கூட்டமைப்பு, விஸ்பி, பெர்கன், ஸ்டாக்ஹோம் ஆகிய துறைமுகங்களில் செல்வாக்குப் பெற்றிருந்த நூற்றாண்டுகளில், கீழ் ஜெர்மன் ஸ்வீடிஷ் மொழியை உள்ளிருந்தே மாற்றியது. பணம் செலுத்துவதற்கான 'பெத்தாலா' என்ற வினை மட்டும் அன்று, அதன் முன்னொட்டான 'பெ'யும் அங்கு வந்து தங்கி, புதிய வினைகளை ஆக்கும் கருவியாயிற்று. சன்னலுக்கு ஸ்வீடிஷில் 'ஃபொன்ஸ்டர்' என்பார்கள். ரோமானியரின் 'ஃபெனெஸ்த்ரா' ஜெர்மானியர் வழியாக அங்குவரை போயிருக்கிறது.

கேள்வி: யித்திஷ் என்பது ஹீப்ரூ எழுத்தில் எழுதப்பட்ட ஜெர்மன்தானா?

பதில்: அப்படிச் சொல்வது அம்மொழிக்கு அநீதி. ரைன் கரை நகரங்களில் வாழ்ந்த யூதர்களின் ஜெர்மன் பேச்சு அதன் அடித்தளம். வோர்ம்ஸ் நகரத்துக்குரிய ஒரு பிரார்த்தனை நூலில் 1272இல் எழுதப்பட்ட ஒரு வரி, நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய யித்திஷ் வாக்கியம். துன்புறுத்தல்களுக்குத் தப்பி அவர்கள் கிழக்கே போலந்து, லிதுவேனியாப் பக்கம் சென்றபோது, ஹீப்ரூ, அரமேயச் சொற்களோடு ஸ்லாவிய மொழிகளின் சொற்களும் தொடரமைப்பும் சேர்ந்து, தனக்கென இலக்கியம், இதழ்கள், நாடக மேடை எல்லாம் கொண்ட தனிமொழியாக அது வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதைப் பேசினார்கள். நாஜிகள் கொன்ற யூதர்களில் பெரும்பான்மையோர் யித்திஷ் பேசியவர்கள். ஜெர்மனின் மிக நெருங்கிய உறவு மொழிகளில் ஒன்றைப் பேசிய மக்களை, ஜெர்மன் பேசிய ஓர் அரசே அழித்தது என்பதைச் சொல்லாமல் இந்த உறவைப் பற்றிப் பேச இயலாது. யித்திஷ் மொழியில் எழுதிய ஐசக் பஷெவிஸ் சிங்கர் 1978இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

கேள்வி: ஜெர்மன் இலக்கியம் என்றால் ஜெர்மனி நாட்டு இலக்கியம் என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளவே கூடாது, கொண்டால் மிகச் சிறந்தவர்கள் பலர் வெளியே நின்றுவிடுவார்கள். கவிஞர் ரில்கேயும் நாவலாசிரியர் காஃப்காவும் பிராக் நகரத்தவர்கள். காஃப்கா 1883இல் பிறந்தபோது அந்நகரில் செக் பேசுவோரே பெரும்பான்மை. அவருக்கும் செக் நன்றாகத் தெரியும். எலியாஸ் கனெட்டி பல்கேரியாவின் ரூசே நகரில் 1905இல் பிறந்தார். வீட்டில் அவர் பேசியது, ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்களின் லடினோ மொழி. பெற்றோர் தங்களுக்குள் பேசிக்கொண்ட ஜெர்மன் பிள்ளைக்குப் புரியாத இரகசிய மொழியாகவே இருந்தது. தந்தை இறந்த பிறகு, எட்டு வயதில், தாய் அதை அவருக்குக் கடுமையான முறையில் கற்பித்தார். அந்த மொழியில் எழுதியே 1981இல் நோபல் பரிசு பெற்றார். 2009இல் அதே பரிசு பெற்ற ஹெர்த்தா முல்லர், ருமேனியாவின் பனாட் பகுதியில் ஜெர்மன் பேசும் ஒரு கிராமத்தில் பிறந்தவர். ருமேனிய மொழியின் உவமைகள் தம் ஜெர்மனுக்குள் எப்போதும் கூடவே எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்பவர்.

இவர்களுள் பவுல் செலான் என்னை அதிகம் நெகிழச் செய்பவர். அவர் 1920இல் செர்னோவிட்ஸ் நகரில் பிறந்தார். அன்று ருமேனியாவில் இருந்த அந்நகர் இன்று உக்ரைனில் இருக்கிறது. ஜெர்மன், ருமேனியன், உக்ரேனியன், யித்திஷ், போலிஷ் எல்லாம் ஒலித்த தெருக்களில் வளர்ந்த அவருக்கு ஜெர்மன் இலக்கியத்தின் மேல் பற்றை ஊட்டியவர் தாய். அந்தத் தாயும் தந்தையும் நாஜி முகாமில் உயிரிழந்தார்கள். பாரிசில் வாழ்ந்து, பிரெஞ்சில் எளிதாக எழுதக்கூடிய நிலையிலும், தம் கவிதைகளைக் கொலைகாரர்களின் மொழியான, ஆனால் தாயின் மொழியுமான ஜெர்மனிலேயே அவர் எழுதினார். இழந்தவற்றுக்கு நடுவே இழக்கப்படாமல் கைக்கெட்டும் தொலைவில் எஞ்சியது மொழி ஒன்றுதான் என்று 1958இல் பிரெமன் நகரில் பரிசு பெற்றபோது அவர் பேசினார். ஜெர்மன் கற்பவர்கள் என்றேனும் அந்த உரையை மூலத்தில் படிக்க வேண்டும். சில பக்கங்களே கொண்டது.

கேள்வி: பெயர்ச்சொற்கள் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் தொடங்குவது ஜெர்மனில் மட்டும்தானா?

பதில்: லக்சம்பர்க் மொழியிலும் உண்டு. டேனிஷ் மொழியிலும் இருந்தது. டென்மார்க் 1948இல் அதைக் கைவிட்டது.

கேள்வி: சுவிட்சர்லாந்தில் வேலை கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறது. வகுப்பில் கற்கும் ஜெர்மன் அங்கே உதவுமா?

பதில்: எழுதவும் படிக்கவும் முழுமையாக உதவும், தெருவில் பேசுவதைக் கேட்டால் முதலில் திகைப்பாக இருக்கும். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளியை அறிந்தவர்களுக்கு அங்குள்ள நிலைமை புதிதன்று. அதைவிட இடைவெளி சற்று அகலம் என்று மட்டும் சொல்லலாம். பள்ளிப் பாடமும் நாளிதழும் தொலைக்காட்சியின் முதன்மைச் செய்தியும் பொது ஜெர்மனில் இருக்கும். அதே தொலைக்காட்சியில் வானிலை அறிவிப்பு சுவிஸ் பேச்சுவழக்கில் வரும். பேராசிரியரும் வங்கி மேலாளரும் தம்மவரோடு பேச்சுவழக்கிலேயே பேசுவார்கள்; அது படிக்காதவர் பேச்சு என்ற எண்ணம் அங்கே கிடையாது. சைக்கிளுக்கு 'வேலோ' என்பது போன்ற பிரெஞ்சுச் சொற்கள் மிகுதி. இரட்டை 'ஸ'கரத்துக்கு ஜெர்மனியில் உள்ள தனி எழுத்தை அவர்கள் பயன்படுத்துவதில்லை.

ஆஸ்திரியாவிலும் சொல் வேறுபாடுகள் உண்டு. அந்நாடு 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, தக்காளிக்கான 'பரதைசர்', ஆப்ரிகாட் பழத்துக்கான 'மரில்லெ' உட்பட 23 உணவுச் சொற்களை ஒப்பந்தத்திலேயே எழுதிச் சேர்த்தது.

நீங்கள் முதலில் பொது ஜெர்மனை உறுதியாகக் கற்றுக்கொள்ளுங்கள். சுவிஸ்காரர்கள் வெளிநாட்டவரிடம் பொது ஜெர்மனுக்கு மாறிக்கொள்வார்கள். மாறாவிட்டால் மாறும்படி கேட்பதில் தவறில்லை. எந்த ஊரில் வேலை என்பது உறுதியான பிறகு, அந்த வட்டார வானொலியை நாள்தோறும் கேட்கத் தொடங்குங்கள். சூரிச் பேச்சுக்கும் பெர்ன் பேச்சுக்குமே வேறுபாடு உண்டு என்பதால், ஊர் தெரிவதற்கு முன் பேச்சுவழக்குப் பாடநூல் வாங்க வேண்டாம்.